வலது இடுப்பில் இரண்டு பவுண்டு

ஒரு மனிதன் முதன்முதலாக இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் ஊருக்குள் இறங்கும் நாளில், தன் குடும்பத்தையும் தன் ஊரையும் நாகரிகத்தின் எதிர்காலத்தையும் காக்கும் முழுப் பாரமும் அவன்மேல் வந்து இறங்குகிறது.

வெண்டல் டாக்கெட்டின் மேல் இறங்கிய பாரம் சரியாக இரண்டு பவுண்டு. அதுவும் வலது பக்கம் மட்டும். பேண்ட் அந்தப் பக்கமாகவே கழன்று வந்தது.

"மச்சான், இழுத்துப் பிடி," என்றார் ராய்ஸ்.

"இழுத்துத்தான் பிடிச்சிருக்கேன். கையை விட்டா இறங்குது."

"ரெண்டு அளவு பெரிய பேண்ட் வாங்கச் சொன்னாங்கல்ல துப்பாக்கி வகுப்புல?"

"வாங்கிட்டேனே. அதான் இறங்குது."

"அதுக்குத் தகுந்த பெல்ட்?"

வெண்டல் தலை குனிந்தார். வகுப்பில் பெல்ட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் கனவில் இருந்தார்.

கனவு அவருக்குத் தொழில்வழி வந்த பழக்கம். ஹேட்லி ஸ்பிரிங்ஸ் ஊரின் ஒரே மெத்தைக் கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளர். மெத்தை வாங்க வருகிறவர்களைப் படுக்க வைத்து, பக்கத்து மெத்தையில் தானும் படுத்து, கூரையைப் பார்த்தபடி, "உங்க முதுகெலும்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்று தணிந்த குரலில் பேசுவது அவர் வேலை. டெக்சாஸ் கோடையில், ஏசி மெல்ல முனகும் அந்தக் கடையில், ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டால் அது குற்றமாகாது.

ராய்ஸ் அவருடைய தங்கை கணவர். பதினைந்து வருடமாக இடுப்பில் துப்பாக்கியோடு திரிபவர். இதுவரை அதை எடுக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் அவருக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் துப்பாக்கிதான் என்று அவர் நம்பினார்.

அவர் தன் பெல்ட்டைக் கழற்றினார். குதிரைச் சேணத்துக்கு வெட்டியது போன்ற தடித்த தோல். ஸ்க்ரூ டிரைவரால் அதில் புது ஓட்டை போட்டு, வெண்டலின் வயிற்றைச் சுற்றி, முழங்காலை அவர் முதுகில் ஊன்றி இழுத்தார்.

இனிமேல் பேண்ட் இறங்காது. மூச்சும் இறங்கவில்லை.

"இப்ப நட."

வெண்டல் மெத்தைகளுக்கு நடுவே நடந்தார். முட்டையை இடுப்பில் வைத்துக் கட்டியவர் போல இருந்தது நடை.

"பிரமாதம்," என்றார் ராய்ஸ். "ரமோனா இன்னிக்கே சரின்னு சொல்லுவா."

அங்கேதான் விஷயம் இருந்தது. ரமோனா ஸ்டப்ஸ், மாவட்ட அலுவலகத்தில் வண்டிப் பதிவு ஜன்னலில் உட்காருகிறவர். கணவரை இழந்து ஆறு வருடம். வெண்டலிடம் இருந்தது ஒரே ஒரு பிக்அப் வண்டி. அதை வருடத்துக்கு ஒரு தடவை பதிவு செய்தால் போதும். கடந்த வருடம் மட்டும் வெண்டல் அந்த ஜன்னலுக்குப் பதினொரு தடவை போயிருந்தார். பதினொன்றாவது தடவை ரமோனா, "வண்டி நல்லாத்தானே இருக்கு, வெண்டல்? ஒரு நாள் சாப்பாட்டுக்கு வேணும்னா போகலாமே" என்று தானே கேட்டுவிட்டார்.

அந்தச் சாப்பாடு இன்று பன்னிரண்டு மணிக்கு. சாப்பாட்டின்போது வெண்டல் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தன் பெஞ்சில், தன் பக்கத்தில் உட்கார்வாரா?

ஹேட்லி ஸ்பிரிங்ஸில் கல்யாணம் நிச்சயமாவது மோதிரத்தால் அல்ல, பெஞ்சால். ரமோனா இத்தனை வருடமும் ஒன்பதாவது வரிசையில், செத்துப்போன கணவரின் அக்காமார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து எழுந்து வெண்டலின் நாலாவது வரிசைக்கு வந்துவிட்டால், முதல் பாட்டு முடிவதற்குள் ஊர்ப் பெண்கள் கேக்குக்கு முட்டை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

துப்பாக்கி நுழைந்தது ராய்ஸின் வழியாக. சர்ச் விருந்தில் ரமோனா யாரிடமோ, "ஒரு ஆம்பளைன்னா அவர் பக்கத்துல உக்காந்தா மனசுக்கு நிம்மதியா இருக்கணும்" என்று சொன்னது ராய்ஸின் மனைவி காதில் விழுந்திருந்தது.

"நிம்மதின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தார் ராய்ஸ். "பாதுகாப்பு. பாதுகாப்புன்னா என்ன அர்த்தம்?" தன் இடுப்பை இரண்டு தட்டுத் தட்டினார்.

தர்க்கத்தில் ஓட்டை எதுவும் வெண்டலுக்குத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்புக்குப் போனார். சான்றிதழில் பெயரை 'வெண்டி' என்று பெண் பெயராக அடித்துக் கொடுத்தார்கள்.

"கண்ணாடியில பாரு," என்றார் ராய்ஸ் இப்போது. "என்ன தெரியுது?"

சட்டைக்கு மேல் வலது பக்கம் ஒரு புடைப்பு. "துப்பாக்கி தெரியுது."

"அது தெரியக் கூடாது."

"தெரியாம எப்படி மச்சான் பாதுகாப்பு?"

"தெரியாமத்தான் பாதுகாக்கணும். அதுதான் கௌரவம்."

"அப்ப ரமோனாவுக்கு எப்படித் தெரியும்?"

"உணருவா, மச்சான். பொம்பளைங்க உணருவாங்க."

மறைப்பதற்குக் கடையில் ஒன்றுதான் கிடைத்தது. போன குளிர்காலத்துக்குக் கம்பெனி கொடுத்த ஜெர்கின். முதுகில் பெரிய எழுத்தில், 'நன்றாகத் தூங்குங்கள்'. வெண்டல் அதை மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்தார். புடைப்பு மறைந்தது.

வெளியே நூற்றிரண்டு டிகிரி.

"நாலு விஷயம் ஞாபகம் வச்சுக்கோ," என்று வாசல்வரை வந்தார் ராய்ஸ். "அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காத. குனியாத. யாரையும் வலது பக்கமாக் கட்டிப்பிடிக்காத. அப்புறம், கதவைப் பார்த்த மாதிரி உக்காரு. கதவுலேருந்து கண்ணை எடுக்கக் கூடாது."

"எதுக்கு?"

"வர்றவன் கதவு வழியாத்தானே வருவான்?"

* * *

டார்லாவின் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று தெரு நடக்க வேண்டும். நடுப்பகல் வெயிலில் தார்ச்சாலை நீர்போல் நடுங்கியது. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி தன் கால்களை விட்டுவிட்டுத் தனியே மிதந்துகொண்டிருந்தது. நிறுத்தியிருந்த வண்டிகள் தூக்கத்தில் புரளப்போகிறவை போலத் தெரிந்தன. இந்த மாதிரி வெளிச்சத்தில் வெண்டலுக்கு நடப்பும் கனவும் ஒரே போர்வைக்குள் வந்துவிடும்.

கடையின் கதவு படாரென்று திறக்கிறது. முகமூடி போட்ட இருவர். முள்கரண்டிகள் தரையில் விழுகின்றன. வெண்டல் மெல்ல எழுகிறார். "தம்பி, அதைக் கீழே வை." மெத்தை விற்கும் அதே தணிந்த குரல். முகமூடிகள் கீழே வைக்கின்றன. ரமோனா பெருமூச்சு விடுகிறார்: "வெண்டல்..."

"வெண்டல்!"

பாஸ்டர் லிண்ட்லி எதிரே நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜெர்கினையே பார்த்தார்.

"என்னப்பா இது, இந்த வெயில்ல? குளிருதா?"

துப்பாக்கி என்று சொல்லக் கூடாது. வேறு என்ன சொல்வது?

"லேசா ஜுரம், பாஸ்டர்."

அது போதும். பாஸ்டர் லிண்ட்லி நோயாளியைக் கண்டால் நடுத்தெருவிலும் விடமாட்டார். "ஜெபிப்போம்" என்று ஒரு கையை வெண்டலின் தோளில் வைத்தார். இன்னொரு கையை முதுகில் வைத்தார். "கர்த்தாவே, உமது அடியான் வெண்டலின் சரீரத்தைத் தொடும்..." ஜெபம் உருக உருக முதுகுக் கை கீழே இறங்கியது. வெண்டல் இடுப்பை ஒடித்தார். கை தொடர்ந்தது. வெண்டல் இன்னும் ஒடித்து ஒரு காலில் நின்றார். "ஆமென்" வரும்போது அவர் நடைபாதையில் கேள்விக்குறி போல வளைந்திருந்தார்.

பாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் மாறியது.

"வலி இருக்கா?"

"இல்ல பாஸ்டர்..."

"மறைக்காதப்பா. நான் ஜெபச் சங்கிலியில சொல்லிடறேன்."

வெண்டல் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் போனைக் காதில் வைத்துவிட்டார். ஜெபச் சங்கிலி என்பது ஒருவர் அடுத்தவருக்குப் போன் செய்து, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்லி, நாற்பது வீடு ஒரே நோயாளிக்காக முழங்காலிடும் ஏற்பாடு. அடுத்தவர் இன்னும் ஊக்கமாக ஜெபிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒவ்வொருவரும் நோயைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

மீதி இரண்டு தெருவைக் கடக்க வெண்டலுக்கு ஆறு நிமிடம் ஆனது. சங்கிலிக்கு நாலு நிமிடம் போதுமாயிருந்தது.

* * *

டார்லாவின் கடையில் சுவரோர இடங்கள்தான் முதலில் நிரம்பும். கதவைப் பார்த்த மாதிரி முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருவதற்காக ஆண்கள் பதினொரு மணிக்கே வந்துவிடுவார்கள். பிந்தி வருகிறவர்கள் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வாய்க்கு ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துச் சாப்பிடுவார்கள். ஊரில் கழுத்துப் பிடிப்பு அதிகம்.

வெண்டல் உள்ளே வந்தபோது சுவரோரம் ஓர் இடமும் இல்லை. அவர் திகைத்து நின்றார். அப்போது, மூலையில் தினமும் காபி குடிக்கும் நாலு கிழவர்கள் ஒருசேர எழுந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

"இங்க உக்காரு, வெண்டல்."

"ஐயையோ, வேண்டாம்..."

"உக்காருப்பா. எங்களுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கு."

அந்தப் பேச்சு வெண்டலுக்கு விளங்கவில்லை. ஆனால் இடம் கிடைத்தது. குனியாமல் உட்கார்வது எப்படி என்று வகுப்பில் சொல்லித் தரவில்லை. பலகையைச் சாய்ப்பது போலத் தன்னைச் சாய்த்து இறக்கினார்.

"கண்ணு, என்ன கொண்டு வரட்டும்?" டார்லா வந்து நின்றாள். அவள் எண்பது வயதுக்காரரையும் கண்ணு என்பாள். இன்று அந்தக் கண்ணில் ஈரம் இருந்தது. "சூடா கோழி சூப் கொண்டு வரேன். நீ ஒண்ணும் சொல்லாத."

"எனக்கு ஐஸ் டீ..."

"அதுவும் கொண்டு வரேன். எவ்வளவு வேணும்னாலும் குடி, கண்ணு."

பன்னிரண்டு அடிக்கும்போது ரமோனா வந்தார். மஞ்சள் பூப்போட்ட தளர்வான உடை, தோளில் பெரிய பை, காதில் சின்ன நீலக் கல். நேராக மேஜைக்கு வந்து கைகளை விரித்தார். வெண்டல் எழுந்து இடது பக்கத்தை மட்டும் முன்னே நீட்டினார். ரமோனாவும் கூச்சத்தோடு ஒருக்களித்தே நின்றார். இரண்டு நண்டுகள் சந்தித்துக்கொண்டது போலத் தோளும் தோளும் உரசி அந்த அணைப்பு முடிந்தது.

எவ்வளவு அடக்கமான பெண், என்று நினைத்தார் வெண்டல்.

அதைவிட ஆச்சரியம், ரமோனா எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம், வெண்டலின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். வெண்டலுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர் அந்தப் பெஞ்சில் உட்கார மாட்டாரா?

"வெண்டல்," என்றார் ரமோனா கதவுப் பக்கம் பார்த்தபடி. "ஹூஸ்டனுக்கு எப்பப் போறீங்க?"

"ஹூஸ்டனுக்கா? எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு. ரத்தத்துல ஏதோன்னு சொன்னாங்களே."

"யார் சொன்னா?"

"எல்லாரும்."

"ரமோனா, எனக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர்கிட்டகூடப் போகல."

"டாக்டரே பார்க்கலையா!" ரமோனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நூற்றிரண்டு டிகிரியில் கழுத்துவரை ஜெர்கினுக்குள் அவிந்த நெற்றி அது. கையை வெடுக்கென்று எடுத்தார். "ஐயோ, அடுப்பாட்டம் கொதிக்குது. முதல்ல இதைக் கழட்டுங்க."

"வேண்டாம்."

"கழட்டுங்கன்னு சொல்றேன்."

"வேண்டாம் ரமோனா, எனக்குக் குளிருது."

சூப் வந்தது. பக்கத்து மேஜைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் குடித்தார். வியர்வை கொட்டியது. அதற்காக ஐஸ் டீ குடித்தார். டார்லா கோப்பை காலியாக விடவில்லை. எட்னா க்ரம்ப் என்ற அம்மாள் வீட்டிலிருந்து அதற்குள் மீனும் நூடுல்ஸும் போட்டுச் சுட்டு, அலுமினியத் தாளால் மூடிய தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க. தட்டைத் திருப்பித் தர அவசரமில்ல... யாராவது கொண்டு வந்து கொடுத்தாப் போதும்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் தட்டு அது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்துவிட்டார்.

வெண்டல் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெல்ட் வயிற்றை இரண்டாகப் பிரித்திருந்தது. சூப்பின் ஆவியில் கதவு அலைந்தது. மெதுவாகத் திறந்தது.

முகமூடிகள் இருவரும் வந்துவிட்டார்கள். வெண்டல் எழ முயல்கிறார், பெல்ட் விடவில்லை. முதல் முகமூடி அருகே வந்து குனிந்து பார்க்கிறது. "என்னங்க, இந்த வெயில்ல ஜெர்கின்? உடம்புக்கு என்ன?" இரண்டாவது முகமூடி அலுமினியத் தாளைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறது. பிறகு முதலாமவன் முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டிச் சாவதானமாக உட்கார்கிறான். நல்ல முகம். ரமோனாவை நேராகப் பார்க்கிறான். "இந்த நீலக் கல்லு உங்க கண்ணுக்குப் பொருத்தமா இருக்கு." ரமோனா சிவக்கிறார்.

"டேய்!" என்றார் வெண்டல்.

கடை திரும்பிப் பார்த்தது.

"பிதற்றல் வந்துடுச்சு," என்றார் ஒரு கிழவர் இன்னொருவரிடம்.

வெண்டல் எழுந்தார். ஆறு கோப்பை ஐஸ் டீயும் அந்தப் பெல்ட்டும் இனி ஒரு நிமிடம்கூட ஒத்துப்போகாது. "இதோ வந்துடறேன்" என்று ஆண்கள் கழிவறையைப் பார்த்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்தபடி விரைந்தார்.

* * *

கழிவறைக் கதவைத் தாழிட்டு ஜெர்கினைக் கழற்றினார். பெல்ட்டை அவிழ்த்தார். உலகம் உள்ளே வந்தது. அவ்வளவு காற்று இந்த ஊரில் இருந்ததா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பேண்ட் இறங்கினால் துப்பாக்கி எங்கே போகும்? அதையும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள், அப்போதும் அவர் கனவில் இருந்திருப்பார். ஃப்ளஷ் தொட்டியின் மூடிமேல் காகிதத் துண்டை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் துப்பாக்கியை உறையோடு பத்திரமாகப் படுக்க வைத்தார். நல்ல மெத்தையில் படுத்தது போல இருந்தது அது.

பிறகு நின்றபடி வந்த கனவில் முகமூடி யாரும் இல்லை. சர்ச்சின் வண்ணக் கண்ணாடி வழியே காலை வெளிச்சம் நாலாவது வரிசையில் விழுகிறது. பாட்டுப் புத்தகம் ஒன்றுதான். இரண்டு கைகள் அதைப் பிடித்திருக்கின்றன. யாரும் கதவைப் பார்க்கவில்லை.

அந்தக் கனவு கலையாமலே கை கழுவினார். கலையாமலே ஜெர்கினை முழங்கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மேகத்தில் நடப்பது போலிருந்தது. காரணம் என்ன என்று அவர் யோசிக்கவில்லை.

மேஜையில் ரமோனா இல்லை. ஒரு நிமிடம் கழித்துப் பெண்கள் கழிவறையிலிருந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்தார். அவர் நடையிலும் ஒரு லேசு தெரிந்தது.

"ஜெர்கினைக் கழட்டிட்டீங்களே! முகத்துல களை வந்துடுச்சு." இந்தத் தடவை எதிர் நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார் ரமோனா. "இப்படி உக்காந்தாத்தான் உங்களைப் பார்க்க முடியுது."

வெண்டலும் கதவை மறந்து ரமோனாவைப் பார்த்தார். "அந்த நீலக் கல்லு," என்றார். "உங்க கண்ணுக்குப் பொருத்தமா இருக்கு."

ரமோனா சிவந்தார். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"க்ளீட்டஸோட பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தினேன், வெண்டல். வாராவாரம் இங்கதான் சாப்பாடு. அந்த மனுஷன் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டது கிடையாது. சுவரோரம் உக்காந்து, இடுப்புல துப்பாக்கியை வச்சுக்கிட்டு, கதவையே பார்த்துட்டு இருப்பார். பத்தொன்பது வருஷம். அந்தக் கதவு வழியா வந்தவங்க எல்லாம் வறுத்த கோழி தின்ன வந்தவங்கதான்."

வெண்டலின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

தொட்டியின் மூடி ஞாபகம் வந்தது.

"இந்த ஊர் ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்," என்று ரமோனா தொடர்ந்தார். "உங்களைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியா இருந்தது ஏன் தெரியுமா? மெத்தை விக்கிறவர்கிட்ட துப்பாக்கி இருக்காதுன்னு நெனச்சேன். இந்த மனுஷன் பக்கத்துல ஒருத்தி தைரியமாப் படுத்துத் தூங்கலாம்னு..." சட்டென்று நிறுத்தி முன்னைவிட அதிகமாகச் சிவந்தார். "நான் சொன்னது கடையில, மெத்தையில."

"புரியுது, புரியுது," என்றார் வெண்டல். எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. இப்போது எழுந்தால் இந்தக் கணம் போய்விடும். எழாவிட்டால் யாராவது உள்ளே போவார்கள். இரண்டில் எது முக்கியம் என்று ஒரு விநாடி எடை போட்டார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

"ரமோனா, ஞாயித்துக்கிழமை நாலாவது வரிசையில... என் பக்கத்துல... இடம் இருக்கு."

ரமோனா வாயைத் திறந்தார்.

"எல்லாரும் இப்படிக் கொஞ்சம் பாருங்க!" என்றது டார்லாவின் குரல்.

அவள் கழிவறை நடைவழியின் முனையில் நின்றாள். பாத்திரம் துடைக்கும் துண்டில் சுற்றிய ஒன்றை, சுடும் சட்டியைத் தூக்குவது போல, உயர்த்திப் பிடித்திருந்தாள். துண்டுக்கு வெளியே கருப்பாக ஒரு கைப்பிடி.

"எந்த மகராசன் இதைக் கக்கூஸ்ல விட்டுட்டு வந்தது?"

டார்லாவின் கடையில் அப்படி ஓர் ஒற்றுமை அதற்கு முன்பு இருந்ததில்லை. முப்பது கைகள் முப்பது இடுப்புகளுக்குப் போயின. காபிக் கிழவர்கள் நால்வரும் நாலு பக்கம் தடவிப் பார்த்தார்கள். எட்னா க்ரம்ப் கைப்பைக்குள் தலையை விட்டார். அப்போதுதான் சாப்பிட வந்து உட்கார்ந்த பாஸ்டர் லிண்ட்லி குனிந்து கணுக்காலில் கட்டியிருந்ததைத் தொட்டு, "ஸ்தோத்திரம்" என்றார். டார்லாவே ஒரு கையால் தன் ஏப்ரனைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு முப்பது பெருமூச்சுகள்.

வெண்டல் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். அவை நகரவில்லை. துப்பாக்கி போனால் போகட்டும். ராய்ஸ் திட்டினால் திட்டட்டும். இந்த மேஜையில் தான் துப்பாக்கி இல்லாத மனிதன், சாகும்வரை அப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

ரமோனாவின் கைகளும் எதிரே மேஜைமேல்தான் இருந்தன. அவற்றில் ஒன்று மெல்ல வந்து வெண்டலின் கைமேல் உட்கார்ந்தது.

"இந்தக் கடையில உங்க கை மட்டும்தான் அசையல," என்றார் ரமோனா. "நாலாவது வரிசையா சொன்னீங்க?"

"நாலாவது."

"ஜன்னல் ஓரமா?"

"உங்களுக்கு எந்த ஓரம் வேணுமோ அந்த ஓரம்."

"வரேன்," என்றார் ரமோனா.

கடை அப்படியே மிதந்தது. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. மஞ்சள் பூக்கள் அசைந்தன. இது கனவா என்று சோதிக்க வெண்டல் கதவைப் பார்த்தார். முகமூடி யாரும் வரவில்லை. ஆகவே நிஜம்தான்.

யாரோ மேஜையருகே வந்து நின்றார்கள். டார்லா. இப்போது அவள் கையில் ஒரு தட்டு இருந்தது. அதில் இருந்ததை அதே துண்டு மூடியிருந்தது. தட்டை இருவருக்கும் நடுவில், மீன் நூடுல்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கண்ணுகளா, எனக்கு இருக்கறது ரெண்டு கை, ஒண்ணு என் இடுப்புக்கு வேணும். அதான் அப்ப ஒண்ணை மட்டும் தூக்கிக் காட்டினேன். ஆம்பளைங்க பக்கத்துல ஒண்ணு கெடந்தது, பொம்பளைங்க பக்கத்துல ஒண்ணு கெடந்தது. இடுப்பைத் தொட்டுப் பார்க்காதவங்க இங்க நீங்க ரெண்டு பேருதான்."

இரண்டில் பெரியது, பெண்கள் பக்கத்தில் கிடந்தது.